எஞ்சினின் வலுவை வீட்டில் அளக்கலாமா?

நீரிறைக்கும் எஞ்சினின் நெற்றியில் "5 பரிவலு" என்று பொறித்த தகடொன்று ஒட்டப்பட்டிருக்கும். ஒட்டப்பட்ட நாளில் அஃது உண்மையாக இருந்திருக்கலாம். பத்தாண்டுப் புழுதியும் உப்புக் காற்றும் கண்டு, உள்ளே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து, கைமாறிக் கைமாறி மூன்றாவது வீட்டு முற்றத்தில் வந்து நிற்கும்பொழுதும் தகடு மாத்திரம் அதே ஐந்தைக் கூறிக்கொண்டிருக்கும். விற்பவர் தகட்டைக் காட்டுவார்; வாங்குபவர் உறுமலைக் கேட்டுத் தலையசைப்பார். அளந்து பார்ப்பவரோ அரியர்.

இப்பகுதியை வாசித்துவரும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இதுபற்றி எழுதியிருக்கின்றார். தந்தையார் பழைய எஞ்சினொன்றுக்கு விலை பேசியிருக்கின்றாராம். முற்பணம் கொடுக்குமுன் அதன் வலுவை அளந்துவிட வேண்டுமென்றும், அதற்கு வேண்டிய வலுமானியைத் தாமும் நண்பர் இருவரும் பழைய இரும்புக் கடையிற் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே செய்ய எண்ணியிருப்பதாகவும் கூறி, "செய்யலாமா?" என வினவுகின்றார். கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் அன்னையார் ஒரு வரி சேர்த்திருக்கின்றார்: "ஆபத்து உண்டா என்பதையும் எழுதவும்."

செய்யலாம், ஆபத்தும் உண்டு. ஆனால் அந்த ஆபத்து எங்கே இருக்கின்றதென்பதைப் பலர் அறியார். எஞ்சினே ஆபத்தானது என்று அதனைவிட்டுத் தள்ளி நிற்பர். தாம் செய்த கருவியின் அருகில் அச்சமின்றிக் குனிந்து நிற்பர். அளவைத் தருவது கருவியின் சிறு பகுதியே. எஞ்சின் ஈனும் வலு முழுவதையும் வாங்கி விழுங்குவதே அதன் பெருந்தொழில். விழுங்கிய வலு எங்கே போகின்றது என்ற வினாவுக்கு விடை காணாமல் ஒருவன் இரும்பை வெட்டத் தொடங்கலாகாது.

முதலில் வலுவென்பதை நோக்குவோம். வேலை நடைபெறும் விரைவே வலு எனப்படும். ஜேம்ஸ் வாட் என்பார் தம் நீராவி எஞ்சின்களைக் குதிரைகளோடு ஒப்பிட்டு விற்க வேண்டியிருந்தமையால், 33,000 இறாத்தல் பாரத்தை ஒரு நிமிடத்தில் ஓரடி உயர்த்தும் விரைவை ஒரு குதிரையின் வலுவென வகுத்தார். இன்றைய அளவையிற் கூறின், 76 கிலோகிராமை ஒரு செக்கனில் ஒரு மீற்றர் உயர்த்துவதற்கு ஏறத்தாழச் சமம். 746 வாற்று என்றாலும் அதுவே. எஞ்சின் எதனையும் நேராக உயர்த்துவதில்லை, சுழல மாத்திரமே செய்கின்றது. ஆதலின் அது திருகும் வன்மையாகிய முறுக்கத்தையும், நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகின்றதென்பதையும் அளந்து, இரண்டையும் பெருக்கினால் வலு கிடைக்கும். சுற்றை எண்ணுதல் இன்று எளிது. ஒளியைப் பாய்ச்சிச் சுற்றெண்ணும் சிறு கருவி மலிவாகவே கிடைக்கின்றது. சிக்கல் முறுக்கத்தில்தான்.

அதனைப் பிடித்தளக்கும் வழியைப் பிரான்சிய பொறியியலாளர் காஸ்பார் டி புரோனி 1821ஆம் ஆண்டிற் கண்டார். இவர் பெரிய கணக்கர். கணிப்புப் பொறிக்கு வித்திட்ட சார்ள்ஸ் பாபேஜ் இவருடைய மடக்கை அட்டவணை வேலையைப் பார்த்தே பல எண்ணங்களைப் பெற்றார். ஈபெல் கோபுரத்திற் பொறிக்கப்பட்ட 72 பெயர்களுள் இவருடையதும் ஒன்று. ஆயினும் இவர் செய்த வலுமானி கணக்கரின் கருவிபோலத் தோன்றாது, தச்சனின் கருவிபோலவே தோன்றும். சுழலும் உருளையொன்றை மேலும் கீழும் இரண்டு மரக்கட்டைகள் கவ்விக்கொள்ளும். கட்டைகளோடு நீண்ட புயமொன்று பிணைக்கப்பட்டிருக்கும். உருளை தன்னோடு கட்டைகளையும் சுழற்றப் பார்க்கும். புயத்தின் நுனி தராசொன்றின்மேல் தங்கியிருப்பதாற் சுழலமாட்டாமல் தராசை அழுத்தும். அவ்வழுத்தமே முறுக்கத்தின் அளவாகும். கட்டைகளைக் கவ்வும் திருகாணிகளை இறுக்க இறுக்க உராய்வு கூடும், எஞ்சினின் சுற்று குறையும். வேண்டிய சுற்றில் நிறுத்தித் தராசைப் பார்க்க வேண்டியதே.

இவ்வளவுதானா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அளவைப் பொறுத்தவரை இவ்வளவே. கணக்கையும் எளிதாக்க ஒரு வழியுண்டு. உருளையின் மையத்திலிருந்து புயத்தின் நுனி தராசைத் தொடும் புள்ளி வரையுள்ள தூரம் 72.6 சென்ரிமீற்றராக இருக்குமாறு செய்துகொள்ளுங்கள். அப்பொழுது தராசு காட்டும் கிலோகிராமை நிமிடச் சுற்றாற் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பரிவலு வந்துவிடும். தராசு 2 கிலோகிராம் காட்ட எஞ்சின் 2500 சுற்றில் ஓடுமாயின் வலு 5. வேறு சூத்திரம் வேண்டியதில்லை. ஒன்று மாத்திரம் மறவற்க: புயத்துக்கும் சொந்த நிறையுண்டு. எஞ்சினை ஓட்டாமல், கட்டைகளை இலேசாகக் கவ்வவிட்டு, உருளையைக் கையால் மெல்ல முன்னோக்கி ஒருமுறையும் பின்னோக்கி ஒருமுறையும் திருப்பித் தராசின் இரு அளவுகளையும் குறித்துக்கொண்டு சராசரி காண்க. அச்சராசரியே புயத்தின் நிறை; பின்னர் வரும் ஒவ்வோர் அளவிலிருந்தும் அதனைக் கழித்துவிட வேண்டும். நுவரெலியாவிலுள்ள வாசகர்களுக்கு இன்னொரு சொல்: அவ்வுயரத்திற் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு, சாதாரண எஞ்சினின் வலுவும் அவ்வாறே குறையும். அதற்காக விற்றவரை வையவேண்டாம்.

இனி, விழுங்கிய வலு எங்கே போகின்றதென்பதைப் பார்ப்போம்.

ஐந்து பரிவலு என்பது 3730 வாற்று. வீட்டிலே தேநீருக்கு நீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல் ஏறத்தாழ 2000 வாற்று கொள்ளும். அவ்வாறான கேத்தல்கள் இரண்டு சேர்ந்து தரும் வெப்பத்துக்குச் சற்றே குறைந்த வெப்பம், உள்ளங்கை அகலமுள்ள இரண்டு மரக்கட்டைகளுக்கும் இரும்புருளைக்கும் இடையே ஓயாது பிறந்துகொண்டிருக்கும். உருளை பத்துக் கிலோகிராம் நிறையுடையதாயின், வெப்பம் வெளியேற வழியில்லாதபோது அதன் வெப்பநிலை நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 பாகை ஏறும். ஐந்து நிமிடம் பொறுத்தால் மரம் கருகத் தொடங்கும். கருகிய மரத்தின் உராய்வு முன்னைய உராய்வன்று. திருகாணியை மேலும் இறுக்க வேண்டிவரும். இறுக்கினால் வெப்பம் இன்னும் மிகும். அருகிலே எஞ்சினின் பெற்றோல் தாங்கி இருக்கின்றதென்பதை நினைவிற் கொள்க.

முன்னோர் இதற்கு அழகிய வழியொன்று கண்டனர். உருளையை உள்ளே வெறுமையாகச் செய்து, விளிம்புகளை உட்புறமாக மடித்துத் தொட்டிபோல அமைத்து அதற்குள் நீரை விட்டனர். உருளை சுழலும்பொழுது நீர் சிந்தாமல் உட்சுவரிலே வளையமாக ஒட்டி நிற்கும். வெப்பத்தை வாங்கிக் கொதித்து ஆவியாகும். ஒரு லீற்றர் நீர் 5 பரிவலுவை வாங்கினால் ஒன்றேகால் நிமிடம் கழிந்ததும் கொதிநிலையை அடைந்துவிடும். முழுவதும் ஆவியாவதற்கு மேலும் பத்து நிமிடம் செல்லும். ஆவியாதற்கு நீர் கொள்ளும் வெப்பம் அத்துணைப் பெரிது. ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் நீரைச் சுவரோடு பிடித்து வைத்திருந்த சுழற்சி இல்லாது போம். கொதிநீர் கீழே கொட்டும். தட்டமொன்று வைக்க மறந்தவன் காலைச் சுட்டுக்கொள்வான்.

வெப்பம் கண்ணுக்குத் தெரிந்து மெல்ல வருவது. புகை மூக்கிற் படும். இனிக் கூறப்போவன முன்னறிவிப்பின்றி வருவன.

முதலாவது புயம். கட்டைகள் சீராக வழுக்கிக்கொண்டிருக்கும் வரைக்கும் புயம் அமைதியாகத் தராசின்மேற் கிடக்கும். ஒரு துளி நீரோ கரியோ இடையே அகப்பட்டுக் கட்டை உருளையைச் சட்டெனக் கவ்வுமாயின், புயம் உருளையோடு சேர்ந்து கிளம்பும். தராசு உடைந்தாலோ சரிந்தாலோ அதனைத் தடுக்க எதுவுமில்லை. ஆதலின் புயத்தின் மேலும் கீழும், இரு விரலிடை அசைய மாத்திரம் இடம்விட்டு, நிலத்தோடு பிணைத்த இரும்புத் தடைகள் இரண்டு கட்டாயம் இருத்தல் வேண்டும். புயத்தைக் கையாற் பிடித்து "எவ்வளவு இழுக்கின்றது பார்ப்போம்" என்று விளையாடும் பழக்கம் இளைஞரிடம் உண்டு. மணிக்கட்டு முறிவதற்கு இதனினும் இலகுவான வழி வேறில்லை. கட்டைகளுக்குப் பதிலாகக் கயிற்றை உருளையிற் சுற்றி, ஒரு நுனியில் விற்றராசும் மறு நுனியிற் படிக்கல்லும் தொங்கவிடும் முறையும் பாடநூல்களில் உண்டு. கல்லூரி ஆய்வுகூடத்தில் அது நன்று. கயிறு பற்றிக்கொண்டால் படிக்கல்லே எறிகல்லாகும். ஆகையால் வீட்டு முற்றத்துக்கு அதனை நான் பரிந்துரையேன்.

இரண்டாவது உருளை. பழைய இரும்புக் கடையில் வார்ப்பிரும்புக் கப்பிகள் மலிவாகக் கிடைக்கும். முப்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள ஒன்றை எடுத்து 3000 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு மணிக்கு 170 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். வார்ப்பிரும்புச் சில்லின் விளிம்பு நிமிடத்துக்கு ஒரு மைலுக்கு மேல் ஓடலாகாதென்பது பழைய பொறியியலாளர் கைக்கொண்ட விதி. முப்பது சென்ரிமீற்றர்க் கப்பி 1700 சுற்றிலேயே அவ்வெல்லையைத் தொட்டுவிடும். வேகம் இருமடங்கானால் விளிம்பைப் பிளக்கும் விசை நான்கு மடங்காகும். 3000 சுற்றில் அது எல்லையிலிருந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பொன்று கப்பியில் இருந்தால், அது பிளந்து துண்டு துண்டாகப் பறக்கும். ஆதலின் உருளை வார்ப்பிரும்பாக இருத்தலாகாது. தடித்த உருக்குக் குழாயில் 18 சென்ரிமீற்றர் விட்டத்துக்கு மேற்படாமல், தேர்ந்த கடைசற்காரரைக் கொண்டு கடைந்து, நிறை ஒருபுறம் சாயாமற் சமன் செய்விக்க வேண்டும். அதனை எஞ்சினின் தண்டிலே நேராகத் தொங்கவிடாமல், தனித் தண்டிலே இரு பெயறிங்குகளிற் பொருத்தி, நெகிழும் இணைப்பொன்றால் எஞ்சினோடு சேர்க்க வேண்டும். இவ்விடத்திற் பணத்தை மிச்சம் பிடிப்பவர் முழுக் கருவியையும் கைவிட்டு வேறு பொழுதுபோக்கை நாடுதல் நலம்.

மூன்றாவது, பாரம் அறுந்து போதல். எரிபொருள் வாயை முழுதாகத் திறந்து, உராய்வால் அடக்கி வைத்திருக்கும் எஞ்சினின் கட்டை உடைந்தோ இணைப்பு அறுந்தோ போனால், அந்த எஞ்சின் கணப்பொழுதில் வேகமெடுக்கும். சிறிய எஞ்சின்களிற் கவர்னர் என்னும் வேகக் கட்டுப்படுத்தி உண்டு, அது காத்துக்கொள்ளும். "கூடுதல் வலு வரும்" என்று அதனைக் கழற்றிவிடும் கெட்டிக்காரர் சிலர் இருக்கின்றனர். கழற்றிய எஞ்சினில் இச்சோதனையை ஒருபோதும் செய்யற்க. அதன் சொந்தப் பாரச் சில்லே வெடிக்கக்கூடும். பெற்றோல் எஞ்சினின் தீப்பொறியை நிறுத்தும் ஆளியை நீண்ட கம்பியால் மூன்று மீற்றர் தூரத்துக்குக் கொண்டுவந்து, அதற்கெனவே ஒருவரை நிறுத்துங்கள். அவர் வேறெதனையும் பார்க்க வேண்டியதில்லை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி இல்லையாதலால் இவ்வாளி உதவாது. எரிபொருளை அடைக்க வேண்டும். தன் மசகெண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கிய டீசல் எஞ்சின் அதற்கும் நில்லாது. காற்று புகும் வாயைப் பலகையால் மூடினாலே நிற்கும். முதன்முறை செய்யும் மாணவர்கள் டீசலைத் தொடாதிருப்பதே முறை.

எங்கே நிற்பதென்பதும் அறிவொடு தெரிய வேண்டியது. உடையும் உருளையின் துண்டுகள் எல்லாத் திசையிலும் பறப்பதில்லை. சில்லு சுழலும் தளத்திலேயே பெரும்பாலும் பறக்கும். ஆகவே உருளைக்கு நேர் முன்னும் பின்னும் மேலும் எவரும் இருத்தலாகாது. தண்டின் நீட்சிப் பக்கமாக ஒதுங்கி, தராசைத் தூரத்திலிருந்தே வாசிக்க வேண்டும். பொதி நிறுக்கும் இலக்கத் தராசை வைத்து, கைப்பேசியாற் படம் பிடித்துப் பின்னர் வாசித்தால் குனிய வேண்டிய தேவையே இல்லை. உருளையின் மேலே தடித்த உருக்குத் தகட்டுக் கூடு. இரு பக்கமும் மணல் மூட்டைகள். தகரம் போதாது. கயிறும் உருளையும் சேருமிடத்தில் விரல் போவதுபோலவே, வெறுமனே சுழலும் தண்டிலும் துணி போய்ச் சுற்றிக்கொள்ளும். சாரம், தாவணி, அவிழ்ந்த கூந்தல், கழுத்துச் சங்கிலி யாவும் அங்கே ஆகா.

மழைக்கு அஞ்சி எஞ்சினைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய் ஓட்டுதல் மிகத் தீது. புகையோடு வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். தலையிடி வந்தபின் வெளியேறலாமென்றிருப்பவர் அதற்குள் எழுந்து நடக்கும் வலியை இழந்திருப்பர்.

வேறு மலிவான வழிகளையும் சிலர் கூறுவர். பழைய பாரந்தூக்கியின் எண்ணெய்ப் பம்பை எஞ்சினாற் சுழற்றி, எண்ணெய் செல்லும் வழியை வால்வினால் நெருக்கினால், அழுத்தமே முறுக்கத்தைக் காட்டும். கைக்கடக்கமான முறை, ஆனால் குழாயில் ஊசித்துளை விழுந்தால் அதனூடே பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் ஏறும். காயம் எறும்பு கடித்ததுபோலத் தோன்றும், நோவும் முதலிற் குறைவு. உடனே சத்திரசிகிச்சை செய்யாவிடின் விரலையோ கையையோ இழக்க நேரும். கசிவைக் கையாற் தடவித் தேடுதல் கூடவே கூடாது. இன்னொரு முறையிற் கனத்த உருளையொன்றை எஞ்சின் எவ்வளவு விரைவில் வேகமேற்றுகின்றதென்று பார்த்து வலுவைக் கணிப்பர். இதில் வெப்பமில்லை, உண்மைதான். ஆனால் வலு உருளைக்குள்ளேயே தங்கிவிடுகின்றது. நூறு கிலோகிராம் நிறையும் 40 சென்ரிமீற்றர் விட்டமும் உள்ள உருளை 1500 சுற்றிற் கொண்டிருக்கும் சக்தி, அதே நூறு கிலோகிராமை 25 மீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டால் உண்டாகும் சக்திக்குச் சமம். எட்டு மாடி உயரம்! 1877இல் வில்லியம் புரூட் பிரித்தானியக் கடற்படைக்காக ஆக்கிய நீர்த்தடை வலுமானி பின்னர் உலகெங்கும் பரவியதற்குக் காரணம், விழுங்கிய வலுவை ஓடும் நீரே உடனுக்குடன் வெளியே கொண்டுபோய்விட்டமையாகும்.

நீரென்றதும் நம் மாணவருடைய தந்தையாரின் தேவை நினைவுக்கு வருகின்றது. அவர் வாங்க நினைப்பது நீரிறைக்கும் எஞ்சின். பம்பு அதனோடு ஏற்கெனவே பிணைந்திருக்கின்றது. அவருக்கு வேண்டியது பரிவலுவன்று, தோட்டத்துக்குத் தண்ணீர். அதனை அளப்பதற்கு வெல்டிங்கும் வேண்டாம், மணல் மூட்டையும் வேண்டாம். கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய்வரை உள்ள உயரத்தைக் கயிறு விட்டு அளந்துகொள்ளுங்கள். 200 லீற்றர்ப் பீப்பா நிரம்ப எத்தனை செக்கன் செல்கின்றதென்று பாருங்கள். செக்கனுக்கு எத்தனை லீற்றரென்பதை உயரத்தாற் பெருக்கி 76ஆல் வகுத்தால், நீருக்கு வந்து சேர்ந்த பரிவலு கிடைக்கும். ஆறு மீற்றர் உயரத்தில் 30 செக்கனில் நிரம்பினால் விடை அரைப் பரிவலுவுக்குச் சற்றுக் கூட. தகட்டிலே ஐந்து என்றிருக்க அரைதானா என்று திடுக்கிட வேண்டியதில்லை. பம்பிலும் குழாயிலும் பெரும்பங்கு கழிந்துவிடும். இவ்வேலைக்கு எஞ்சினும் தன் முழு வலுவைக் காட்ட வேண்டியிராது. ஆகையால் இவ்வெண்ணைத் தகட்டோடு ஒப்பிடாமல், அயல்வீட்டு நல்ல எஞ்சினை அதே கிணற்றில், அதே குழாயில், அதே உயரத்துக்கு ஓட்டிக் கிடைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். எரிபொருளை அளந்து விட்டு இரண்டும் எத்தனை பீப்பா நிரப்புகின்றன என்றும் பார்த்துக்கொண்டால், விலை பேச அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

வாங்கிய பின்னரும் இதே அளவை ஆண்டுக்கிருமுறை திகதியிட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவருவது நன்று. கோடையில் நீர்மட்டம் இறங்குமாதலால் ஒவ்வொரு முறையும் உயரத்தைப் புதிதாக அளக்க வேண்டும். முன்னர் 30 செக்கனில் நிரம்பிய பீப்பாவுக்கு அதே உயரத்தில் 38 செக்கன் செல்லுமாயின், எஞ்சினைப் பிரிக்குமுன் உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள வால்வில் இலையோ பாசியோ அடைத்திருக்கின்றதா என்றும், குழாய் மூட்டுகளிற் காற்று இழுக்கின்றதா என்றும் பார்த்துவிடுக.